ஃபிலோசோஃபி என்றால் ஆளா, படிப்பா? சொல்மரம் வரைய உதவி தேவை

கோத்தகிரி வாசகி:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். சாக்ரடீஸ் கதை சொன்னபோது ஒரு பெண், "ஃபிலாசஃபர்னா எந்த பாஷை அக்கா?" என்று கேட்டாள். அதிலிருந்து ஒரு சார்ட் பேப்பரில் சொல்மரம் வரைந்து வருகிறேன். அடியில் கிரேக்கத்து ஃபிலோசோஃபோஸ், கிளைகளில் மற்ற மொழிகள். மூன்று இடத்தில் சிக்கல்.

ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் இரண்டிலும் 'ஃபிலோசோஃபி' என்றே வருகிறது. ஒன்றில் ஆளைக் குறிக்கிறது, மற்றதில் படிப்பை. நான்தான் தப்பாக எழுதிவிட்டேனா? அப்புறம், சில மொழிகளில் நடுவில் எஸ், சிலவற்றில் இஸட். அது ஏன்? கடைசியாக, நம் 'தத்துவஞானி'யை எந்தக் கிளையில் ஒட்டுவது? மூன்று நாளாக மழை, ஒட்டிய சீட்டெல்லாம் ஈரத்தில் கழன்று வருகிறது. மறுபடி ஒட்டுவதற்குள் திருத்திவிட நினைக்கிறேன்.

குன்னூர்க்காரன்:
தப்பே இல்லை அக்கா, இரண்டும் சரி. ஸ்வீடிஷில் ஆள் 'ஃபிலோசோஃப்', படிப்பு 'ஃபிலோசோஃபி'. ஃபின்னிஷ்காரர்கள் மெய்யெழுத்தில் முடியும் இரவல் சொல்லுக்குக் கடைசியில் ஓர் 'இ' சேர்ப்பார்கள். பஸ் அங்கே 'புஸ்ஸி'. நாம் 'பஸ்ஸு' என்று இழுக்கிற மாதிரிதான். அப்படி 'ஃபிலோசோஃப்' என்ற ஆள் 'ஃபிலோசோஃபி' ஆகிவிட்டார். அவர்களுக்குப் படிப்பு 'ஃபிலோசோஃபியா'. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இஸட் விஷயம்: ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதுவது எஸ், வாயில் வருவது இஸட். போலிஷ், ஹங்கேரியன், துருக்கி மொழிகளில் அந்த ஒலியையே எழுத்திலும் வைத்துவிட்டார்கள். துருக்கியில் இன்னொரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு வழியாக வந்த 'ஃபிலோஸோஃப்' இன்றைய சொல். அரபு வழியாக வந்த 'ஃபெய்லெசோஃப்' பழைய சொல். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்.

கோத்தகிரி வாசகி:
நன்றி தம்பி! அரபுச் சொல்லும் இதே மரம்தானா? அதைத் தனியாக வைத்திருந்தேன்.

குன்னூர்க்காரன்:
இதே மரம்தான். அரபில் 'ஃபைலசூஃப்', பன்மை 'ஃபலாசிஃபா'. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தியை 'அரபிகளின் ஃபைலசூஃப்' என்றே அழைத்தார்கள். ஃப-ல-ச-ஃப என்ற நான்கு மெய்களை வேராக்கி வினைச்சொல்லே செய்துகொண்டது அந்த மொழி. உருதுவில் 'ஃபல்சஃபி', இந்தோனேசியாவில் 'ஃபில்சுஃப்'. அரபுக் கிளையைத் தடியாக வரையுங்கள்.

கூடலூர் வாசகர்:
எங்கள் வீட்டில் மலையாளம். அதில் 'தத்வசிந்தகன்' என்போம், கன்னடத்தில் 'தத்வஜ்ஞானி'. இவை கிரேக்கத்திலிருந்து வரவில்லையே, மரத்தில் ஒட்டினால் தப்பாகாதா?

ஊட்டி ஓய்வு ஆசிரியர்:
தப்பாகும். அவற்றுக்கு அருகில் வேறொரு செடி வரையுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும் அம்மா, எனக்கு இதில் மிகுந்த அக்கறை உண்டு. ஃபிலோசோஃபோஸ் என்றால் ஞானத்தை நேசிப்பவர். கிடைத்துவிட்டது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. நம் 'ஞானி' அடைந்தவர். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

ஆர்மீனிய மொழியில் 'இமாஸ்தாசேர்' என்று அந்த நேசத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தார்கள். ரஷ்ய மொழியிலும் 'லியுபோமுத்ர்' என்று ஒரு பழைய சொல் உண்டு, அதுவும் ஞானத்தை நேசிப்பவர்தான். ஜப்பானில் நிஷி அமானே என்ற அறிஞர் இந்தப் படிப்புக்கு முதலில் 'கிதெத்சுகாகு' என்று பெயர் வைத்தார். அதில் 'கி' என்பது நாடுவது, விரும்புவது. பிறகு அந்த 'கி'யை விட்டுவிட்டு, 1874இல் வெளியான தம் நூலில் வெறும் 'தெத்சுகாகு' என்றே எழுதினார். சீனர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். விருப்பம் உதிர்ந்துபோய் அறிவு மட்டும் நின்றது.

இலங்கையில் 'மெய்யியல்' என்பார்கள். நல்ல சொல். ஆனாலும் அதிலும் நேசம் இல்லை.

கோத்தகிரி வாசகி:
ஐயா, இதைப் படித்து வெகுநேரம் அந்தச் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'தத்துவஞானி' சீட்டை மரத்திலிருந்து எடுத்துவிட்டேன். கூடலூர் வாசகர் சொன்ன இரண்டோடும் சேர்த்துப் பக்கத்துச் செடியில் வைக்கிறேன். வேரடியில் 'ஞானத்தை நேசிப்பவர்' என்று பெரிய எழுத்தில் எழுதப் போகிறேன். கேள்வி கேட்ட பெண்ணையே எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன், அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.