ஸ்பென்சரைக் கடைசியில் வைத்தது யார்? சென்னை மால்களில் எது நல்லது, எது கெட்டது

வேளச்சேரி_வெயில்:
அடுத்த வாரம் ஊரிலிருந்து அம்மா, அப்பா, சித்தி, சித்தியின் இரண்டு வாண்டுகள் எல்லோரும் வருகிறார்கள். வெயில் தெரிந்ததுதானே. ஒரு பகல் முழுக்க ஏசியில் வைத்துக்கொள்ள இடம் வேண்டும். மால்களை விட்டால் வேறு வழியில்லை. என் வரிசை இது. முதலிடம் ஃபீனிக்ஸ். வேளச்சேரிக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, 2013இல் திறந்த மால் இன்னும் பழசாகத் தெரியவில்லை என்றால் ஏதோ சரியாகச் செய்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அடுத்தது அண்ணா நகர் வி.ஆர். மூன்றாவது எக்ஸ்பிரஸ் அவென்யூ. அப்புறம் வடபழனி விஜயா மால். கடைசி இடம், போட்டியே இல்லாமல், ஸ்பென்சர் பிளாசா. அதை மால் கணக்கில் சேர்ப்பதே பெரிய மனசு. ஷட்டர் இறங்கின கடைகளை எண்ணிக்கொண்டே ஒரு சுற்று வரலாம். மறுப்பவர்கள் வரலாம், சண்டைக்குத் தயார்.

மவுண்ட்ரோடு_மாமா:
வந்துவிட்டேன் தம்பி. ஸ்பென்சர் 1860களில் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய கடை. வெள்ளைக்காரர்கள் சீமைச் சாமான் வாங்கிய இடம். பழைய செங்கல் கட்டடம் 1983இல் தீப்பிடித்துப் போனது. அதே இடத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழும்பியதுதான் நீங்கள் ஷட்டர் எண்ணும் பிளாசா. அன்றைக்கு எங்கள் வாயில் 'மால்' என்ற சொல்லே கிடையாது. 'ஸ்பென்சர் போறோம்' என்றால் வீட்டில் புரிந்துகொள்வார்கள். லேண்ட்மார்க்கில் தரையில் உட்கார்ந்து அரைப் புத்தகம் படித்துவிட்டு வாங்காமல் எழுந்து வருவோம். மியூசிக் வேர்ல்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றால், பின்னால் நிற்பவன் தோளைத் தட்டும் வரை கழற்றமாட்டோம். பையில் பஸ் காசு மட்டும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு மதியத்தைக் கழிக்க முடிந்தது. உங்கள் முதல் நான்கு இடங்களிலும் அது நடக்குமா?

வேளச்சேரி_வெயில்:
மாமா, நினைவுக்கு ஏசி கிடையாது. லேண்ட்மார்க்கும் போயாச்சு, மியூசிக் வேர்ல்டும் போயாச்சு. இன்றைக்கு அம்மாவைக் கூட்டிப்போனால் எதைக் காட்டுவது?

மவுண்ட்ரோடு_மாமா:
காட்டுவதற்கு ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குத்தான் போகவேண்டும். சால்வையும் கம்பளமும் விற்கும் காஷ்மீர்க் கடைகள் இருக்கின்றன, தையல்காரர்கள் இருக்கிறார்கள், செல்போனைப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் என் பெட்டியின் ஜிப் பல்லைக் கவ்வாமல் வாயைப் பிளந்துகொண்டது. மேல் மாடியில் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஜிப்பை மாற்றவில்லை. இடுக்கியை எடுத்து ரன்னரின் இரண்டு ஓரத்தையும் ஒரு அழுத்து அழுத்தினார். மெழுகுவத்தித் துண்டு ஒன்றைப் பல் வரிசை முழுக்க இழுத்தார். நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டி ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இதையே புது மாலில் கேட்டுப் பாருங்கள், புதுப் பெட்டி விற்கிற கடைக்கு வழி சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் இரண்டு கட்சியும் இல்லை. ஆனால் ஸ்பென்சர் இப்படி ஆனதற்கு வயதைக் காரணம் சொன்னால் கணக்கு இடிக்கிறது. கடைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விற்ற கட்டடம் அது. அப்படி விற்றுவிட்டால் ஒரே கூரைக்கு நூறு முதலாளி. ஒருவர் ஜெராக்ஸ் கடைக்கு விடுவார், பக்கத்தவர் குடோனாகப் பூட்டி வைப்பார், மூன்றாமவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு வாடகை ஏறட்டும் என்று காத்திருப்பார். எஸ்கலேட்டர் நின்றால் யார் பணம் போடுவது என்று கூட்டம் போட்டே ஒரு வருஷம் ஓடும். எக்ஸ்பிரஸ் அவென்யூ மாதிரி இடங்களில் கட்டடம் ஒரு கையில், கடை எல்லாம் வாடகை. எந்த மாடியில் எந்தக் கடை, எவரை வெளியே அனுப்பி எவரை உள்ளே கொண்டுவருவது எல்லாம் அந்த ஒரு கைதான் முடிவு செய்யும். வாடகையோடு விற்பனையிலும் ஒரு பங்கு என்று ஒப்பந்தம் போடுவது இந்தத் தொழிலில் சகஜம். கடையில் கூட்டமில்லை என்றால் மால்காரருக்கும் நஷ்டம், அதனால் கூட்டத்தை அவர் விடமாட்டார். அந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010இல் திறந்தது எங்கே? ஸ்பென்சரிலிருந்து ஒயிட்ஸ் ரோடு வழியாக நடந்து போகிற தூரத்தில். மிச்சக் கதையை நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மேலே ஏறின எஸ்கலேட்டர் முடிந்ததும் அடுத்தது ஏன் பக்கத்திலேயே இருப்பதில்லை என்று யோசித்தீர்களா? பாதி மாடியைச் சுற்ற வைப்பதற்குத்தான். ஃபுட் கோர்ட்டையும் தியேட்டரையும் உச்சியில் வைப்பதும் அதற்குத்தான். பசித்தவன் எல்லாக் கடையையும் பார்த்துக்கொண்டுதான் சோற்றுக்குப் போகவேண்டும்.

மவுண்ட்ரோடு_மாமா:
எக்ஸ்பிரஸ் அவென்யூ இருக்கும் இடம் முன்னால் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை நடத்திய கோயங்காவின் எக்ஸ்பிரஸ் எஸ்டேட், அதற்கும் முன்னால் மெட்ராஸ் கிளப். மரமும் நிழலுமாக இருந்த வளாகம். அதையும் எழுதிவையுங்கள் கணக்குப்பிள்ளை.

அண்ணாநகர்_அக்கா:
எல்லோரும் உள்ளே போன பிறகு நடப்பதையே பேசுகிறீர்கள். எப்படிப் போவது என்பதில்தான் பாதி மதிப்பெண். வி.ஆருக்குத் திருமங்கலம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். வடபழனி விஜயாவுக்கும் மெட்ரோ உண்டு, கொஞ்சம் நடை. ஃபீனிக்ஸுக்கு? வேளச்சேரி ரயிலில் வந்தாலும் கிண்டி மெட்ரோவில் வந்தாலும் மறுபடி ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்கவேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வேளச்சேரி மெயின் ரோட்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நான் வி.ஆரில் காபி குடித்து முடித்திருப்பேன். மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம், 2015, 2023 இரண்டு டிசம்பரிலும் வேளச்சேரி எப்படி இருந்தது என்று ஊருக்கே தெரியும். வேளச்சேரித் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. முதலிடம் 2018இல் வந்த எங்கள் வி.ஆருக்குத்தான்.

ரங்கநாதன்தெரு_ரசிகன்:
வி.ஆர். முகப்பைக் கோபுரத்தை நினைவுபடுத்துகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். பொருத்தம்தான். தரிசனம் இலவசம், பிரசாதத்துக்குத்தான் கடன் வாங்கவேண்டும். ஐயா, ஊரிலிருந்து வருகிற அம்மாவை எதற்கு மாலுக்கு இழுக்கிறீர்கள்? மாம்பலம் ஸ்டேஷனில் இறக்கி ரங்கநாதன் தெருவில் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் குடும்பத்துக்கே துணி, பாத்திரம், பிள்ளைகளுக்குப் பொம்மை. பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்த சந்தோஷம் அம்மாவுக்கு ஒரு வாரம் தாங்கும். 'ஃபிக்ஸட் ரேட் மேடம்' என்று சொல்கிற கடையில் என்ன சுகம்?

அண்ணாநகர்_அக்கா:
மே மாதம், ரங்கநாதன் தெரு, சர்க்கரை உள்ள அறுபது வயசு அம்மா, கையில் இரண்டு குழந்தை. அண்ணே, நீங்கள் அவர்களோடு போயிருக்கிறீர்களா, அல்லது வாசலில் நின்று கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தீர்களா? அங்கே பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். பெண்கள் மாலுக்குப் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். எவரும் வெளியே சொல்வதில்லை.

ரங்கநாதன்தெரு_ரசிகன்:
...சரி, அந்த ஒரு பாயிண்ட் உங்களுக்கு. ஏதாவது பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தால் மாடியில் இருக்கும் என்று சொல்ல வந்தேன், சொல்லும்போதே எனக்கே சிரிப்பு வருகிறது.

புரசைப்_பையன்:
பார்க்கிங் பற்றி யாரும் பேசவில்லையே? ஒரு மால், பெயர் வேண்டாம், பெரிசுதான். அப்பாவோடு போனேன். பூமிக்கடியில் இரண்டாவது தளம். திரும்பி வந்தால் வண்டி எந்தத் தூண் பக்கம் என்று மறந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. எல்லாத் தூணும் ஒரே பச்சை, ஒரே எழுத்து. முப்பது நிமிஷம் ஸ்கூட்டரைத் தேடினோம். அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கூட்டிக்கொண்டிருந்த ஒரு ஆயா, 'எந்த லிஃப்டுல ஏறினீங்க கண்ணு?' என்று ஒரே கேள்வி கேட்டார். அதிலிருந்து இரண்டு நிமிஷத்தில் வண்டி கிடைத்தது. வெளியே வந்தால், தேடின அரை மணிக்கும் சேர்த்துப் பணம். உள்ளே வாங்கியது ஒரு ஐஸ்கிரீம், அதைவிட பார்க்கிங் அதிகம். எனக்கு அதுதான் ஊரிலேயே மோசமான மால். எங்கள் புரசைவாக்கம் அபிராமி மெகா மால் இருந்தவரை வீட்டிலிருந்து நடந்தே போய்வந்தோம். இப்போது அதுவும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
தெலங்கானாவில் இதற்கு 2018இலேயே அரசாணை போட்டார்கள். மாலிலும் மல்டிபிளெக்ஸிலும் முதல் அரை மணிக்குப் பணம் வாங்கக்கூடாது. ஒரு மணிக்குள் என்றால், ஏதாவது வாங்கின பில் காட்டினால் போதும். அதற்கு மேல் போனால், பார்க்கிங் கட்டணத்தைவிட அதிகமாக வாங்கின பில் இருந்தால் இலவசம். நீங்கள் ஹைதராபாத்தில் தொலைத்திருக்கவேண்டும்.

வேளச்சேரி_வெயில்:
ஆயாவுக்குக் கோயில் கட்டவேண்டும். சரி, தண்ணீர்? தியேட்டருக்குள் வெளியிலிருந்து பாட்டில் கொண்டுபோக விடமாட்டார்களே, சித்தி பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரவேண்டும். கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கவும் கூடாது. குழாய் எங்கே என்று கேளுங்கள். கேட்டால் காட்டுவார்கள், கேட்காவிட்டால் பாப்கார்ன் கவுண்டர்தான் கண்ணில் படும்.

நின்றே_பழகியவள்:
நான்கு வருஷம் ஒரு மாலில் துணிக்கடையில் நின்றேன். எந்த மால் என்று சொல்லமாட்டேன், இங்கே பேசுகிற பாதிப் பேர் அங்கே வந்திருப்பீர்கள். நீங்கள் பெஞ்சு, பாத்ரூம், பார்க்கிங் என்று எண்ணுகிறீர்கள். எங்களுக்கு வாசலே வேறு. பின்பக்கம், குப்பை வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு இரும்புக் கதவு. போகும்போதும் வரும்போதும் பையைத் திறந்து காட்டவேண்டும், டிபன் பாக்ஸ் மூடியைக்கூடத் திறக்கச் சொன்ன நாள் உண்டு. ஃபுட் கோர்ட்டில் யூனிஃபார்மோடு உட்காரக்கூடாது. சாப்பாடு தீயணைப்புப் படிக்கட்டில். அங்கே ஏசி வராது, ஆனால் உட்காரலாம், அதனால் அந்தப் படிக்கட்டு எங்களுக்குச் சொர்க்கம்.

2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள், நினைவிருக்கும். எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. இரண்டு. ட்ரையல் ரூமுக்குப் பின்னால் வைத்தார்கள். ஒரு வாரத்தில் ஒன்றின் மேல் ஹேங்கர் அட்டைப்பெட்டி ஏறியது, இன்னொன்றில் மேனேஜர் லேப்டாப். சாயங்காலம் ஏழு மணிக்குக் கணுக்கால் வீங்கி செருப்பின் வார் பதிந்திருக்கும், அதோடு 'வெல்கம் சார்' சொல்லவேண்டும். எது நல்ல மால் என்று என்னைக் கேட்டால், கடைப் பெண்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள் என்பேன்.

ரங்கநாதன்தெரு_ரசிகன்:
அம்மா, எங்கள் தி.நகர்க் கடைகளும் இதில் யோக்கியம் இல்லை. அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் நிறையப் பேர் அங்கே நின்றவர்கள்தானே. நான் பேரம் பேசின பெருமையை நிறுத்திக்கொள்கிறேன்.

அண்ணாநகர்_அக்கா:
இதைப் படித்த பிறகு வி.ஆருக்கு வக்காலத்து வாங்க ஒரு மாதிரி இருக்கிறது. போகாமல் இருக்கப்போவதில்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் ட்ரையல் ரூமில் பத்துத் துணியைக் கலைத்துப் போட்டுவிட்டு 'எதுவும் பிடிக்கல' என்று வருகிறவள் நான். அதை மடித்து வைத்தவர் நீங்களாக இருந்தால் மன்னிக்கவும்.

நின்றே_பழகியவள்:
கலைப்பதில் எங்களுக்குக் கோபமில்லை அக்கா, மடிக்கத்தானே சம்பளம். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு எங்களை முறைப்பார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது. விலை போட்டது நாங்களா?

மவுண்ட்ரோடு_மாமா:
எங்கள் தையல்காரர் நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை செய்கிறார் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
விடமாட்டீர்களே மாமா.

வேளச்சேரி_வெயில்:
அம்மாவிடம் போனில் கேட்டேன். அவள் கேட்டது இரண்டே கேள்வி: 'உக்கார எடம் இருக்குமா? பாத்ரூம் எத்தனாவது மாடில?' ஃபீனிக்ஸா வி.ஆரா என்றால், 'எல்லாம் ஒரே ஏசிதானே' என்கிறாள். அதனால் ஆட்டோ வேண்டாம் என்று முடிவு, மெட்ரோவில் வி.ஆர். அக்காவுக்கு வெற்றி. பார்க்கிங் தொல்லையும் இல்லை, ஆயாவைத் தேடவும் வேண்டாம். என் வரிசையில் ஸ்பென்சர் இன்னும் கடைசியில்தான், அதை மாற்றமாட்டேன். ஆனால் சித்தி இப்போதுதான் சொன்னாள், ரயிலில் ஏறும்போதே பெட்டியின் ஜிப் போய்விடும் போலிருக்கிறதாம், கயிறு கட்டிக்கொண்டு வருகிறாளாம். மாமா, அந்தத் தையல்காரர் எந்த மாடி? ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா?

மவுண்ட்ரோடு_மாமா:
ஞாயிறு வரமாட்டார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் போ. இரண்டாவது மாடி, படி ஏறினதும் இடது கை, மூன்று மூடின கடை தாண்டி. ஷட்டர் எண்ணத்தான் உனக்குத் தெரியுமே.