மாணவர்கள் டவருக்குப் போனால் ஹெடிங்லி பிழைக்குமா?

வடக்குக்காற்று: இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மையத்தில் மாணவர்கள் தங்கும் அடுக்குமாடி டவர்கள் கட்டக்கூடாது என்பவர்கள், அதே நகரின் ஹெடிங்லி பகுதிக்கு நடந்ததைப் பார்க்க வேண்டும். குடும்பங்கள் வாழ்ந்த செங்கல் வரிசை வீடுகளை அறை அறையாகப் பிரித்து மாணவர்களுக்கு விட்டார்கள். பிள்ளைகள் குறைந்துபோய் 2006ல் தொடக்கப்பள்ளியையே மூடினார்கள். ஜூன் கடைசியில் நடைபாதை முழுக்க பழைய சோபா, மெத்தை. மாணவர்கள் டவருக்குப் போகட்டும், வீடுகள் குடும்பங்களுக்குத் திரும்பும்.

செங்கல்வீடு: எங்கே திரும்புகிறது? எங்கள் தெருவில் மாணவர்கள் காலி செய்த வீட்டுக்கு வேலைக்குப் போகும் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து அறை வாடகையை ஒரு குடும்பம் தனியாகக் கொடுக்க முடியுமா? 2012 பிப்ரவரியிலிருந்து குடும்ப வீட்டை இப்படி மாற்ற அனுமதி வேண்டும், சரி. அதற்கு முன்பே மாறியவற்றை அந்த விதி தொடாது.

டவர் விஷயத்துக்கு வருவோம். 2021ல் கட்டி முடிந்த ஆல்டஸ் ஹவுஸ் என்ற மாணவர் டவர் அப்போது யார்க்‌ஷயரிலேயே உயரமான கட்டடம். உயரம் எனக்குப் பிரச்சினையே இல்லை. பொதுவாக இந்த டவர்களின் தரைத்தளத்தைப் பாருங்கள்: கண்ணாடி, வரவேற்பு மேசை, ஜிம், சைக்கிள் அறை. அட்டை இல்லாமல் கதவு திறக்காது. எல்லாம் உள்ளேயே கிடைத்தால் தெருவுக்கு யார் வருவார்கள்?

ரெண்டாம்வருசம்: அண்ணா, நான் ஹெடிங்லி மாணவன்தான். டவர் வாடகை எனக்குக் கட்டாது. பழி மட்டும் எப்போதும் எங்களுக்கு. சனிக்கிழமை வேஷம் கட்டிக்கொண்டு பப் பப்பாக ஏறி இறங்கும் ஓட்லி ரன் கூட்டத்தில் வெளியூர் கல்யாண மாப்பிள்ளை கோஷ்டிகளும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கும் இங்கே சாப்பாட்டுக் கடை திறந்திருப்பது யாரால்?

வடக்குக்காற்று: தம்பி, கடை இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் இல்லையே. வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் யாரோடு பழகுவது? மூடிய அந்தப் பள்ளியை 2011ல் சமூக மையமாகத் திறந்ததும் இங்கேயே ஊன்றி நின்றவர்கள்தான்.

செங்கல்வீடு: அப்படியானால் டவருக்கு அனுமதி கொடுக்கும்போதே தரைத்தளத்தில் தெருவைப் பார்த்துக் கதவுள்ள கடைகள் வேண்டும் என்று கட்டாயமாக்கட்டும்.

வடக்குக்காற்று: கட்டாயமாக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் மேலே பாதி அறை காலி. கீழே யார் கடை வைப்பார்கள்?

ரெண்டாம்வருசம்: கோடையில் ஹெடிங்லியும் காலிதான். ஆனாலும் கடைகள் ஓடுகின்றனவே. வாடகையைக் குறைத்தால் அங்கேயும் வைப்பார்கள்.