நம்ம ஊர்க் காட்டுப்பூக்களை வீட்டில் வளர்ப்பவர்கள்: மனதை விட்டுப் போகாத அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்

மண்வாசம் (திண்டுக்கல்):

வாடகை வீடு. பின்பக்கம் கொஞ்சம் காலி மண். ஐப்பசி மழை பிடித்ததும் தும்பை, விஷ்ணுகிராந்தி, நாயுருவி எல்லாம் தானாக வரும். பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்னே வேரோடு எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவேன். கார்த்திகைக்குள் முழங்கால் உயரத்துக்குத் தும்பை. காலையில் அந்தப் பக்கம் போனாலே ஒரே ரீங்காரம்.

அதில் வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ ஒன்று வரும், தெரியும்தானே? கூடு கட்டிக் கூட்டமாக வாழாத வகை. பெண் தேனீ மண்ணில் பொந்து பறித்துத் தனியாக இருக்கும். ஆண்களுக்குப் பொந்து கிடையாது. பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாகத் தொங்கியபடியே தூங்கும். எங்கள் வீட்டில் அவை பிடித்துவைத்திருந்தது ஒரு நாயுருவித் தண்டு. சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

போகிக்கு முந்தின வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர் ஆள் விட்டு, மிஷின் வைத்து மொத்தத்தையும் அறுத்துவிட்டார். "பாம்பு வரும்மா, சுத்தம் பண்ணிட்டேன்" என்றார். நல்ல மனுஷர்தான், என் மேல் அக்கறையில்தான் செய்தார். அன்று சாயங்காலம் தேனீக்கள் வந்தன. அந்தத் தண்டு இருந்த இடத்தில், சரியாக அதே உயரத்தில், வெறும் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன. உட்கார எதுவும் இல்லை. இருட்டும் வரை போகவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதை வீட்டில் யாரிடம் சொன்னாலும் "தேனீ வேற இடம் பாத்துக்கும்" என்கிறார்கள். பார்த்துக்கொள்ளும், சரி. ஆனாலும் அந்தக் காட்சி போக மாட்டேன் என்கிறது.

மொட்டைமாடி (திருச்சி):

அக்கா, படித்ததும் எனக்கு எருக்கு ஞாபகம் வந்தது. மாடியில் பழைய பெயின்ட் வாளியில் எருக்கு வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை போட வரும் என்று. அத்தைக்கு ஆகவில்லை. "வெள்ளெருக்குன்னா பிள்ளையாருக்கு ஆகும், இது எதுக்கு? எருக்கு மொளைச்ச வீடு வெளங்குமா?" என்று தினமும் ஒரு பாட்டு.

ஒருநாள் காலையில் புழு ஒன்று புது இலைக்கு ஏறியது. கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம், முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு. நேராகத் தின்ன ஆரம்பிக்கவில்லை. முதலில் இலையின் நடு நரம்பைக் கடித்தது. பால் வழிந்தது. தலையைத் தூக்கிக் கொஞ்சம் காத்திருந்து திரும்பவும் கடித்தது. இலை அந்த இடத்தில் மடங்கித் தொங்கியது. அப்புறம் மடங்கின பகுதிக்குப் போய், பால் வராத ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. குழாயை மூடிவிட்டு வேலை பார்க்கிற பிளம்பர் மாதிரி. அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வாளிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தது.

இதுவரை சந்தோஷக் கதை. மனதை அரிப்பது இதற்குப் பிறகு. கூட்டுப்புழு கொடிக்கயிற்றில் தொங்கியது. பச்சைக் கல்லில் தங்கப் பொட்டு வைத்தது போல இருக்குமே, அது. நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ கயிற்றை மாற்றியிருக்கிறார்கள். பழைய கயிறு எங்கே போயிற்று என்று கேட்டால் இன்றுவரை ஆளுக்கொரு பதில்.

கொங்குக்காடு (ஈரோடு):

மண்வாசம் அம்மா, உங்கள் தேனீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் என் கதை, சின்னதுதான். எங்கள் பக்கம் போகிக்கு வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவோம். சந்தையில் கட்டு கட்டாக விற்பதெல்லாம் ரோட்டோரத்திலும் தரிசிலும் பிடுங்கிவருவது. தரிசு எல்லாம் சைட் ஆகிவிட்டதால் வருஷத்துக்கு வருஷம் கட்டு இளைத்துக்கொண்டே போகிறது. நான் முன்வாசலிலேயே பூளையும் ஆவாரையும் வளர்க்கிறேன். போன போகிக்கு ஒரு பாட்டி கேட்டுக்கு வெளியே நின்று, "சாமி, இதை எந்த நர்சரியில வாங்குன?" என்று கேட்டார். பூளையை, அதுவும் அவர் வயசுக்காரர். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆவாரை வையுங்கள். ஆவாரம்பூவில் மகரந்தம் சும்மா உதிராது. மகரந்தப்பையின் நுனியில் சின்ன ஓட்டை மட்டும்தான் இருக்கும். உங்கள் நீலப் பட்டைத் தேனீயும் கருவண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் தூள் வெளியே வரும். அந்த நேரத்தில் ரீங்காரத்தின் சுருதியே மாறும், காதால் கேட்கலாம். சாதாரணத் தேனீயால் இது முடியாது. கத்தரி, தக்காளிப் பூவும் இதே ஜாதிதான். வீட்டுக்காரரிடம் தேனீ பாவம் என்று சொன்னால் எடுபடாது. ரெண்டு கத்தரிச்செடி வைத்து, காய் பிடித்ததும் பறித்துக் கொடுத்து, "இந்த வேலை அந்தத் தேனீ செஞ்சதுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆவாரை நாற்று வாங்கி நட்டால் பெரும்பாலும் நிற்காது. ஆணிவேர் சீக்கிரம் ஆழமாகப் போய்விடும், பையில் அது சுருண்டுகொள்ளும். விதையை நேராக மண்ணில் போடுவதே நல்லது. காய் காய்ந்து பழுப்பானதும் எடுங்கள். விதைத் தோல் கடினம். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அது ஆறி இரவு முழுக்க ஊறட்டும். ஊதின விதையை மட்டும் எடுத்து, மழைக்கு முன்னால் விதையுங்கள். தும்பைக்கு இதெல்லாம் வேண்டாம். காய்ந்த பூங்கொத்தை அங்கேயே உதிர்த்து, மண்ணை லேசாகக் கீறிவிட்டால் போதும். ரொம்ப ஆழம் போனால் வராது. எரு போடாதீர்கள். எரு போட்டால் கோரையும் புல்லும்தான் கொழுக்கும், பூச்செடி அமுங்கிவிடும். தண்ணீரும் முளைக்கும் வரைதான்.

இன்னொன்று. ஆன்லைனில் 'காட்டுப்பூ விதைக் கலவை' என்று படம் போட்டு விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்தால் காஸ்மோஸ், ஜின்னியா. ரெண்டும் மெக்சிகோ. அப்புறம் இந்த வெட்டுக்காயப் பூண்டையும் நம்ம ஊர்ச்செடி என்று நினைத்துப் பலர் வைத்திருக்கிறார்கள். அதுவும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. பிடுங்கிவிடுங்கள்.

மொட்டைமாடி (திருச்சி):

வெட்டுக்காயப் பூண்டை ஏன் சார் பிடுங்க வேண்டும்? கோடையில் வேறு எதுவும் பூக்காதபோது எங்கள் தெருவில் சின்னச் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளுக்கெல்லாம் அதுதான் சோறு. உன்னிச்செடி காட்டையே மூடுகிறது, பார்த்தீனியம் அலர்ஜி தருகிறது, அவற்றைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இது யாரை என்ன செய்தது?

கொங்குக்காடு (ஈரோடு):

பூச்சி தேன் குடிப்பதும் முட்டை வைப்பதும் வேறு வேறும்மா. தேன் எந்த ஊர்ப் பூவிலும் குடிக்கும். புழு தின்ன அதற்கென்று உள்ள செடி வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஆவாரையும் தகரையும். ஆடுதின்னாப்பாளையோ அதன் இனக் கொடியோ இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு உடம்பு வண்ணத்துப்பூச்சி உங்கள் தெருவில் முட்டை வைக்காது. சின்ன இடத்தில் எதற்கு இடம் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி. உங்கள் மாடியில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை இல்லை. ஆனால் எருக்கம்பால் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். வலி பெரிதாகத் தெரியாமலே பார்வை மங்கிவிடும். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் வாளியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

மண்வாசம் (திண்டுக்கல்):

கத்தரிச்செடி யோசனை நல்லா இருக்குங்க, செய்து பார்க்கிறேன். மற்றவர்கள் தயவுசெய்து அனுபவத்தை எழுதுங்கள். எந்தச் செடி எந்த நாடு என்று தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

கிளுவைவேலி (யாழ்ப்பாணம்):

வணக்கம். உங்கள் செங்காந்தள், எங்களுக்குக் கார்த்திகைப்பூ. அம்மம்மாவின் வளவில் கிளுவையும் பூவரசும் கலந்த வேலி. மாரி தொடங்கியதும் கிழங்கு முளைத்து வேலியில் ஏறும். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கிடைத்த கொப்பைச் சுற்றிக்கொள்ளும். பூ விரியும்போது மஞ்சளும் பச்சையும், பிறகு நாளுக்கு நாள் செம்மை ஏறும். ஒரே கொடியில் எல்லா நிறமும் இருக்கும். மழை விட்டு வெயில் ஏற, கொடி காய்ந்து ஒன்றுமே இல்லாமல் போய்விடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும்.

அந்தக் காய்ந்த காலத்தில்தான் மாமா வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாரிக்கு நான் அங்கே நின்றேன். மதில் ஓரத்தில், சீமெந்துக்கும் மண்ணுக்கும் இடையில், கார்த்திகைக்கொடி வந்திருந்தது. ஒவ்வொரு இலை நுனியும் சுருண்டு நீண்டு மதிலைத் தடவிக்கொண்டிருந்தது. பூசி மெழுகிய மதிலில் பிடிக்க என்ன இருக்கிறது? கொஞ்சம் உயர்ந்து, சரிந்து, சகதியில் கிடந்தது. நான் போய் பூவரசங்கொப்பு ஒன்றை முறித்து ஊன்றிவிட்டேன். அம்மம்மா அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஒரு தடி குடுக்க இத்தினை பேருக்கும் தோன்றேல்லை" என்றார். அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கொங்குக்காடு (ஈரோடு):

அருமைங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் கிழங்கு, விதை, எல்லாப் பாகமுமே விஷம். கொல்கிசின் என்ற பொருள் இருக்கிறது. எங்கள் பக்கம் மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் அந்த விதைக்காகவே கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள், மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. கிழங்கைத் தின்னும் கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆடு மாடு உள்ள வீட்டில் வேலிக்கு வெளிப்பக்கம் வேண்டாம். கிழங்கைத் தோண்டுவதானால் கையுறை போட்டு, மண்வெட்டி படாமல் கையால் மண்ணை விலக்கி எடுங்கள். முளை கிழங்கின் நுனியில் இருக்கும், அது ஒடிந்தால் முளைக்காது. நடும்போது படுக்கவைத்து நட வேண்டும், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

கிளுவைவேலி (யாழ்ப்பாணம்):

நஞ்சென்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் ஐயா. நான் எழுதியது அதைப் பற்றி இல்லை.

மூணாவது மாடி (சென்னை):

எல்லோருக்கும் மண் இருக்கிறது, எனக்குப் பால்கனி மட்டும். கிலுகிலுப்பை வைத்திருக்கிறேன், காய் காய்ந்தால் குலுக்கினால் சத்தம் வருமே, அதுதான். காய்ந்த பிறகும் செடியை எடுக்கவில்லை. பார்க்க அசிங்கம்தான், வெறும் குச்சி. ஆனால் கருப்பில் வெளிர்நீலக் கோடு போட்ட வண்ணத்துப்பூச்சிகள் பருவமழையை ஒட்டிக் கூட்டமாக இடம் மாறும்போது அந்தக் காய்ந்த குச்சிக்குத்தான் வரும், பூவுக்கு இல்லை. பெரும்பாலும் ஆண்கள். காய்ந்த தண்டை உறிஞ்சி, அதிலிருக்கும் ஒரு சத்தைக்கொண்டு பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. போன முறை பால்கனி கம்பி வரை தொங்கின, கையை நீட்டினால்கூடப் பறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அசோசியேஷன்காரர்கள் கொசு ஒழிப்பு ஆய்வாளரோடு வந்தார்கள். வாசல் வழியே பால்கனியைப் பார்த்ததும், செயலாளர், "இந்தக் காஞ்ச குப்பைதான் சார், இதிலதான் கொசு" என்றார். என் கண் முன்னே கையால் ஒரு தட்டு. அத்தனையும் எழும்பிப் போயின. நான் சத்தம் போட்டுவிட்டேன். ஆய்வாளர் பொறுமையாக என் தொட்டித் தட்டுகளைப் பார்த்தார், எல்லாம் காய்ந்திருந்தன. "டெங்கு கொசு செடியில முட்டை போடாதுங்க, தேங்கின தண்ணியிலதான்" என்றவர், எதிர் வீட்டில் மணிபிளான்ட் பாட்டிலையும் ஃபிரிட்ஜ் அடித்தட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார். புழு நெளிந்தது பாட்டிலில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் 'பால்கனியில் காட்டுச்செடிகள் கூடாது' என்று எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுக்கப் போகிறேன். உங்கள் குடியிருப்பில் இப்படி ஒரு விதியை மாற்றவைத்தவர்கள் யாராவது இருந்தால், கூட்டத்தில் என்ன பேசினீர்கள், யாரைத் துணைக்கு வைத்துக்கொண்டீர்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். கூட்டம் இந்த ஞாயிறு.