பழைய மடிக்கணினியின் கிராஃபிக்ஸ்: மாற்றியவர்களும் மாற்றாமல் ஓட்டுபவர்களும்

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

மடிக்கணினியில் கிராஃபிக்ஸை, அதாவது திரையில் படத்தை வரையும் பகுதியை, மாற்ற முடியாது என்று கடைக்காரர் சொன்னால் பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். இப்போது விற்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில் கிராஃபிக்ஸ் சில்லு முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கழற்றி மாட்ட இடமே கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் வேலைக்கென்று செய்த தடித்த மடிக்கணினிகளில் எம்எக்ஸ்எம் என்ற தனி அட்டையாக அதை வைத்தார்கள். 2012-இல் வந்த டெல் பிரிசிஷன் எம்6700 அப்படிப்பட்டது. என்னிடம் இருப்பதும் அதுதான். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு உள்ளலங்கார வரைபடம் போடுவது என் தொழில். 17 அங்குலத் திரையும் நல்ல விசைப்பலகையும் உள்ள ஒரு கணினியைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

அதில் முதலில் இருந்தது என்விடியா நிறுவனத்தின் குவாட்ரோ கே3000எம் அட்டை, 2 ஜிபி நினைவகம். சமையலறை அலமாரிக்கு மரத்தின் வரியும் சலவைக்கல்லின் புள்ளியும் சேர்த்துவிட்டால் படத்தைத் திருப்பும்போது திக்கித் திக்கித்தான் நகரும். அதே கணினிக்குத் தொழிற்சாலையே கே5000எம் அட்டையையும் பொருத்தி விற்றது. அதற்கு 4 ஜிபி நினைவகம். உள்ளே இருக்கும் கணிப்பு அலகுகள் 576-க்குப் பதில் 1,344. நான் அதைத்தான் தேடிப் பிடித்தேன். இதைவிடப் புதிய அட்டைகளைப் பொருத்தி ஓட்டுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் அட்டையை அடையாளம் காணாமல் கறுப்புத் திரையைக் காட்டுவது, விசிறி வேகம் கட்டுக்குள் வராமல் போவது, அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கோப்பைத் திருத்தி ஏற்றுவது என்று அதற்கென்று ஒரு தனி வாழ்க்கை வேண்டும். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த அட்டைகளில் உயர்ந்தது எதுவோ அதை வாங்குங்கள். வேலைக்கு வைத்திருக்கும் கணினி என்றால் என் சொல் அவ்வளவுதான்.

வாங்கும் முன் மூன்று விஷயங்கள் பாருங்கள். எம்எக்ஸ்எம்-இல் ஏ, பி என்று இரண்டு அளவு உண்டு. பி பெரியது, அதிக மின்சாரம் இழுப்பது. கே5000எம் 100 வாட் வரை போகும், கே3000எம் 75 வாட். ஆகவே மின்னேற்றி தாங்குமா என்று அடிப்பக்கச் சீட்டைப் பாருங்கள். என்னுடையது 240 வாட், கவலையில்லை. மூன்றாவது, வெப்பத்தை இழுக்கும் செம்புத் தகடு. இன்னொரு நிறுவனத்து அட்டைக்கு மாறினால் அந்தத் தகடும் பெரும்பாலும் மாறும். அட்டையை விற்பவர் தகட்டையும் சேர்த்துத் தருகிறாரா என்று கேளுங்கள்.

பழைய தகட்டைக் கழற்றியபோது சில்லின்மேல் இருந்த வெப்பப் பசை, வெற்றிலைப் பெட்டியின் மூலையில் காய்ந்துபோன சுண்ணாம்பைப் போல உதிர்ந்தது. சில்லின் நடுப்பகுதி வெறுமையாகவே தெரிந்தது. விசிறியின் வாயிலும் செதில்களுக்கு நடுவிலும் பஞ்சு மெத்தை விரித்ததைப் போலத் தூசி அடைத்துக்கொண்டிருந்தது என்று எழுதினால் மிகை ஆகாது. விரலால் எடுத்தால் ஒரே துண்டாக வந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நினைவகச் சில்லுகளின் மேலிருந்த, வெப்பத்தைக் கடத்தும் மெத்துப் பட்டைகளையும் அதே தடிமனில் மாற்றினேன். தடிமன் தவறினால் தகடு நடுச்சில்லைத் தொடாமல் மேலே நின்றுவிடும்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்த வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன், அட்டை மாற்றுகிறார்களோ இல்லையோ. அறை வெப்பம் ஒரு பாகை ஏறினால் சில்லின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். குளிர்நாட்டில் 20 பாகை அறையில் 80-இல் நிற்கும் சில்லு, குளிர்சாதனம் போடாத நம் வீட்டு 31 பாகையில் 90-ஐத் தாண்டும். எல்லையைத் தொட்டதும் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாமோ கிராஃபிக்ஸ் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஜிபியு-ஸி, எச்டபிள்யு இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். வெப்பம் ஏறும்போது வேகம் இறங்கினால் காசு செலவழிக்க வேண்டிய இடம் அட்டை அல்ல.

ஈசூனிலிருந்து:

அண்ணன் சொன்னது வரைபடக்காரர்களுக்கு. என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய கணினி மெல்லியது, உள்ளே இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைச் சில்லு. தனி கிராஃபிக்ஸ் கிடையாது. முப்பரிமாணப் பாடம் தொடங்கியதும் படம் வெட்டி வெட்டி ஓடியது. ஒரு கடையில் காட்டினோம். மூடியைக்கூடத் திறக்காமல் புதிய கணினியின் விலைப்பட்டியலை எடுத்து நீட்டினார் அங்கிருந்தவர். கல்லூரிக் கட்டணம் கட்டிய கையோடு அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அன்றிரவு மகன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். நினைவகத்துக்கு இரண்டு இடங்கள், ஒன்றில் மட்டும் 8 ஜிபி இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தது. கிராஃபிக்ஸின் பெயர் ‘யுஎச்டி’ என்று இருந்தது. வாங்கும்போது பெட்டியில் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று போட்டிருந்ததே என்று எனக்குக் குழப்பம்.

காரணம் எளிது. தனி அட்டை இல்லாத கிராஃபிக்ஸுக்கென்று சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகமான ராமில்தான் பங்கு கேட்கிறது. ஒரே ஒரு ராம் இருந்தால் ஒரே பாதை. இரண்டு மாட்டினால் இரண்டு பாதை, ஒரே நேரத்தில் இரட்டிப்புத் தரவு போய்வரும். அந்தத் தலைமுறையில் ராம் இரண்டு பாதையில் இல்லாவிட்டால் இன்டெல் அதை ஐரிஸ் என்று காட்டவே காட்டாது. கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 வகை ராம் வாங்கினோம். விற்ற பெரியவர் பழைய ராமைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி வைத்துப் படித்து, 3200 என்ற வேக எண்ணைச் சுட்டிக்காட்டிய பிறகே புதியதை எடுத்தார். மாட்டியதும் கிராஃபிக்ஸின் பெயர் மாறிவிட்டது. மகனுடைய பாட வேலை இப்போது தடையில்லாமல் ஓடுகிறது. பெரிய விளையாட்டுகளுக்கு இது போதாதுதான். அதற்கு நான் காசு கொடுப்பதாகவும் இல்லை.

சில மெல்லிய கணினிகளில் ராமும் பற்றவைத்தே வரும். கழற்றிப் பார்த்தோ மாடல் எண்ணைத் தேடியோ உறுதி செய்துகொண்டு போங்கள், அக்கா தங்கைகளே.

தெம்பனிசிலிருந்து:

நான் வெளியே வைக்கும் கிராஃபிக்ஸ் பெட்டியைப் பயன்படுத்துகிறேன். மேசைக்கணினி அட்டையை ஒரு பெட்டிக்குள் போட்டு, தண்டர்போல்ட் 3 என்ற வேகமான இணைப்பு வடத்தால் மடிக்கணினியோடு இணைப்பது. துளையின் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் யுஎஸ்பி-சி துளைக்கு இது வேலை செய்யாது. எம்1 சில்லும் அதற்குப் பின் வந்த சில்லுகளும் உள்ள ஆப்பிள் கணினிகளில் இந்த வசதியே இல்லை.

ஓடுகிறதா என்றால் நன்றாக ஓடுகிறது. ஆனால் மேசைக்கணினியில் அந்த அட்டைக்குத் தரவு போய்வர 16 தடங்கள் கிடைக்கும். இந்த வடத்தில் 4 தான். மடிக்கணினியின் சொந்தத் திரையில் பார்த்தால் போன படம் அதே வடத்தில் திரும்பி வர வேண்டியிருப்பதால் இன்னும் குறையும். தனித் திரையை அட்டையிலேயே செருகுங்கள். அட்டையும் திரையும் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும். பெட்டி, அட்டை, திரை மூன்றையும் புதிதாக வாங்குபவர் அந்தத் தொகைக்கு ஒரு மேசைக்கணினியே வாங்கலாம்.

அங் மோ கியோவிலிருந்து:

தம்பிகளும் தங்கையும் எழுதியதைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர். என்னுடையது 2012-இல் வாங்கியது, அதில் இன்டெல் கிராஃபிக்ஸ் ஒன்று, தனிச் சில்லு ஒன்று என்று இரண்டு இருந்தன. தனிச் சில்லு போய்விட்டது. திரை முழுக்கக் கோடுகள். பழுதுபார்க்கும் ஒருவர் சூட்டுக்காற்று அடித்துச் சரிசெய்தார். தீபாவளிக்கு முன் செய்தது, பொங்கலுக்குள் மறுபடி கோடு வந்துவிட்டது.

இதை மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். சில்லுக்கும் அது உட்கார்ந்திருக்கும் தட்டுக்கும் நடுவே நுண்ணிய ஈயமுத்துகள் உண்டு. சூடேறிச் சூடிறங்கி அவை விரிசல் விடுகின்றன. மேலிருந்து காற்றடித்தால் விரிசல் கொஞ்ச நாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவிலுள்ள பெரிய முத்துகளை மாற்றினாலும் உள்ளே இருக்கும் விரிசல் அப்படியே இருக்கும். உண்மையான பழுதுபார்ப்பு என்றால் புதிய சில்லு வைக்க வேண்டும். அந்தச் செலவு இவ்வளவு பழைய கணினிக்குத் தகாது. அடுப்பில் வைத்து எடுப்பதாகச் சிலர் காணொளி போடுகிறார்கள். சோறாக்கும் இடத்தில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

என் கணினியில் பயாஸிலேயே தனிச் சில்லை அணைக்கும் வசதி இருந்தது. அணைத்துவிட்டு இன்டெல்லை மட்டும் வைத்துக்கொண்டேன். சூடும் குறைந்தது. சுழலும் வன்வட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத 2.5 அங்குல எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது அதைவிடப் பழையது, அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டேன்.

ஒரு குறை மட்டும் மிச்சம் இருந்தது. யூடியூபில் கச்சேரி பார்த்தால் விசிறி இரைந்தது, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் விரல்கள் விட்டுவிட்டுத் தெரிந்தன. யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற முறையில் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. விபி9-ஐ கிராஃபிக்ஸ் வன்பொருளிலேயே முழுமையாக விரிக்கும் ஆற்றல் இன்டெல்லின் 7-ஆம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு 11-ஆம் தலைமுறை. என்னுடையது 3-ஆம் தலைமுறை, ஆகவே முழுச் சுமையும் மையச் சில்லின் தலையில் விழுந்தது. எச்264ஐஃபை என்ற நீட்சியை உலாவியில் சேர்த்தேன். அது பழைய எச்.264 முறையிலேயே படத்தைக் கேட்டு வாங்கும். 1080-க்கு மேல் தெளிவு கிடைக்காது, என் திரையில் அதற்கு மேல் தேவையும் இல்லை. இப்போது விசிறி இரைவதில்லை, மிருதங்க வித்துவானின் விரல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

புக்கிட் பாத்தோக் தம்பிக்கு ஒரு கேள்வி: உங்கள் கே5000எம் அட்டைக்கு டிரைவர் இன்னும் கிடைக்கிறதா? பேட்டரியையும் மாற்றியிருப்பீர்களே, பழையதை என்ன செய்தீர்கள்?

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

ஐயா, அது என்விடியாவின் கெப்ளர் என்ற பழைய வகை. அந்த வகைக்குப் புதிய வசதிகளோடு டிரைவர் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் முடிந்துவிட்டன. அதனால் வரைபடம் போடும் விண்டோஸ் கணினியை இணையத்தில் இணைப்பதில்லை. கோப்புகளை யுஎஸ்பி வழியாகத்தான் கொண்டுபோகிறேன். மின்னஞ்சலும் இணையமும் கைப்பேசியில். இனிமேல் அட்டை தேடுபவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த மேக்ஸ்வெல், பாஸ்கல் வகைகளுக்கும் விளையாட்டு டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றன. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

பழைய பேட்டரி வீங்கவில்லை, ஆகவே முனைகளில் ஒட்டுநாடா சுற்றி மின்கழிவுத் தொட்டியில் போட்டேன். 2021 ஜூலை முதல், மின்கழிவைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் விடும் தயாரிப்பாளர் பொறுப்புத் திட்டம் நடப்பில் இருப்பதால் பெரிய மின்சாதனக் கடைகளிலும் பல பொது இடங்களிலும் தொட்டி இருக்கிறது. வீங்கியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, மின்னேற்றவும் கூடாது. அப்படிப்பட்டதை அகற்றும் முன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையப்பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். கழற்றிய கே3000எம் அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதே மாடல் வைத்திருந்து அட்டை போய்விட்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம்.