மலாவியில் அடிபம்பு போட்டுக் கொடுக்க யாரிடம் பணம் கொடுப்பது?

ஓசூர்க்காரன்:
எங்கள் ஆபீஸில் சிலர் சேர்ந்து ஆப்பிரிக்காவில் உள்ள மலாவியில் ஒரு கிராமத்துக்கு போர் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுக்க நினைக்கிறோம். இரண்டு டிரஸ்ட் கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். ஒன்று விலை குறைவு, எங்கள் பெயரை பம்பின் சிமென்ட் மேடையில் பொறித்து போட்டோவும் அனுப்புவார்களாம். இன்னொன்றில் கணிசமான தொகை "பயிற்சி, பராமரிப்பு" என்று போகிறது. அந்தக் காசு உண்மையிலேயே ஊருக்குப் போய்ச் சேருமா?

சலீமா போர்:
மலாவியில் சலீமா, ம்சிம்பா பக்கம் போர் போடும் காண்டிராக்டரிடம் வேலை பார்த்தவன் நான். இரண்டாவது டிரஸ்டிடம் கொடுங்கள்.

அங்கே கைப்பிடி இல்லாமல் நிற்கும் பம்புகளைப் பார்த்தால் வயிறு எரியும். சுற்றிலும் புல் மண்டியிருக்கும், சிமென்ட் மேடையில் கொடையாளர் பெயர் மட்டும் அழியாமல் இருக்கும். சஹாராவுக்குத் தெற்கே 20 நாடுகளில் எடுத்த கணக்கு 2009ல் வந்தது. அடிபம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடவில்லை. நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் சின்னப் பழுதுதான். பிஸ்டன் சீல் (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கைப்பிடி அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ் போயிருக்கும். புஷ்ஷை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் இரும்போடு இரும்பு உரசி பம்பின் தலையே வீணாகிவிடும்.

மலாவியில் அதிகம் இருப்பது அஃப்ரிடெவ் பம்பு. ஊர்க்காரர்களே பழுது பார்க்கட்டும் என்றே 80களில் வடிவமைத்தது. ஒரே ஒரு ஸ்பேனர் போதும். குழாய் பிவிசி, அதைக் கழற்றாமலே பிஸ்டனை மேலே உருவிவிடலாம். ஒரு ஊரில் தண்ணீர்க் கமிட்டியின் பொருளாளர் அம்மா இடுப்பில் சுற்றிய சிடென்ஜே துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பிஸ்டனோடு இணைந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி மாமரத்தில் சாய்த்து வைத்தார். மண் ஒட்டினால் சீல் அறுந்துவிடும் என்று என்னைத் தொடவே விடவில்லை! அந்த அம்மாவுக்கு யாரோ நாலு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுதான் உங்கள் கொட்டேஷனில் இருக்கிற "பயிற்சி".

இன்னொன்று, ஊரில் காசு புழங்குவது ஏப்ரல், மே மாதம் மக்காச்சோளம் அறுத்த பிறகு. பம்பு மக்கர் பண்ணுவது வெயில் கொளுத்தும் அக்டோபரில். கமிட்டி அறுவடைக் காசை எடுத்து வைத்திருந்தால்தான் வாஷர் வாங்க முடியும்.

போட்டோவுக்கு அழகாக இருப்பதை நம்பாதீர்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்ற பிளேபம்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு 2006ல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள், 2010க்குள் 4000 வைப்பது திட்டம். ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு அதை வைத்த ஊர்கள் உண்டு. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சக்கரத்தைக் குனிந்து தள்ளியது பெண்கள்தான். 2010ல் பணம் போட்ட அறக்கட்டளையே இது சரிவரவில்லை என்று வெளிப்படையாக எழுதியது.

கோவை ரிட்டயர்டு:
தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் கோவை மாவட்டத்திலேயே 80களில் உலக வங்கி, யுஎன்டிபி (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) சேர்ந்து நடத்திய திட்டத்தில் அடிபம்புகளைச் சோதித்தார்கள். நம் ஊரில் அதிகம் பார்க்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பில் வாஷர் மாற்ற குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வேன், நாலைந்து ஆள், தனிக் கருவிகள் எல்லாம் வேண்டும். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டதும் பழுது நன்றாகக் குறைந்தது. குழாயைக் கழற்றத் தேவையில்லாத மார்க் 3 அந்தச் சோதனையில் பிறந்ததுதான்.

ஓசூர்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. புதிதாக போர் போடாமல், நின்றுபோன பழைய பம்பைச் சரிசெய்யக் கொடுத்தால்?

சலீமா போர்:
தாராளமாக. போர் நன்றாக இருந்தால் செலவு பல மடங்கு குறையும், மிச்சத்தில் பக்கத்து ஊர்களையும் பார்க்கலாம். ஆனால் அக்டோபர், நவம்பரில் நீர்மட்டமும் ஊற்றும் அளந்து பார்த்த ரிப்போர்ட் கேளுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் எல்லா போரும் நல்ல போர்தான். ஏரியா மெக்கானிக் யார், ஸ்பேர் எந்தக் கடையில், கமிட்டியிடம் கையிருப்பு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் முன்பணம் அனுப்ப வேண்டாம்.