வின்ச் நூலை விடும்போது சிக்குகிறது, அவசர உதவி

சுக்கான்பிடி:
ரிமோட் பாய்மரப் படகு. பாயின் நூலை இழுத்து விடுவது வின்ச் மோட்டார். பாயை உள்ளே இழுக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. வெளியே விடும்போது நூல், அது சுற்றும் உருளையான டிரம்மை விட்டு நழுவி அடியில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. பிரித்துப் பிரித்து அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்க வேண்டும். என்ன செய்வது?

கப்பிக்கயிறு:
எவ்வளவு நீளப் படகு? டிரம்மிலிருந்து நூல் நேராகப் பூமுக்கு (பாயின் அடியில் இருக்கும் கட்டை) போகிறதா, இல்லை கடைசியில் ஒரு கப்பியைச் சுற்றித் திரும்பவும் டிரம்முக்கே வருகிறதா? படம் இருந்தால் போடுங்கள்.

மின்னோட்டம்:
பேட்டரியைப் பாருங்கள். சாதாரண அல்கலைன் செல் போட்டிருந்தால் வின்ச் இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் விழும், ரிசீவர் தடுமாறும். 5 நிக்கல் செல், 6 வோல்ட், அதுதான் சரி.

சுக்கான்பிடி:
1 மீட்டர். நேராகத்தான் போகிறது. பேட்டரி புதுசு.

பழையமாலுமி:
தம்பி, இதற்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? தேடிப் பார்க்கிற வழக்கமே போய்விட்டது. மேசை மேல் வைத்துத்தானே ஓட்டிப் பார்க்கிறீர்கள்? அங்கே காற்று ஏது? வின்ச் விடுகிற நூலை வெளியே இழுப்பது பாயில் படுகிற காற்றுதான். அது இல்லாவிட்டால் நூல் தொய்யும், தொய்ந்த நூல் டிரம்மில் நிற்காது. அரிச்சுவடி.

கப்பிக்கயிறு:
அரிச்சுவடிதான், ஆனால் காற்று விழுந்துவிட்டால் தண்ணீரிலும் இதே கதை நடக்கும். கப்பியைச் சுற்றி டிரம்முக்கே திரும்பும் சுற்று நூலாக மாற்றிவிடுங்கள். டிரம்மின் ஒரு பள்ளத்தில் நூல் ஏறும்போது அடுத்ததில் இறங்கும். இரண்டையும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும். திரும்பி வரும் பக்கத்தில் சிறு எலாஸ்டிக் துண்டு சேருங்கள், தொய்வை அது வாங்கிக்கொள்ளும். பாயை இழுக்கும் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், காற்று அடித்தால் பாய் தானாகத் திறந்துகொள்ளும். டிரம் விட்டம் எவ்வளவு?

கைச்சர்வோ:
டிரம்மே வேண்டாம் என்பேன். நீளக் கை வைத்த சர்வோ (கையைக் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பும் மோட்டார்) போட்டால் சிக்க என்ன இருக்கிறது? சின்னப் படகுகளில் அதுதான்.

பழையமாலுமி:
அது சின்னப் படகுக்கு ஐயா. 100 மி.மீ. கை 100 பாகை திரும்பினால் 15 செ.மீ. நூல்தான் கிடைக்கும். ஒரு மீட்டர் படகுக்கு அது எந்த மூலைக்கு?

கைச்சர்வோ:
நூலைக் கையின் நுனிக் கப்பி வழியாக இரட்டிப்பாக்கினால் 30. கணக்கு எனக்கும் தெரியும்.

பழையமாலுமி:
இரட்டிப்பாக்கினால் இழுவை பாதியாகும். அதையும் எழுதுங்கள்.

கைச்சர்வோ:
காற்றை எதிர்த்துப் போகும்போது கை கிட்டத்தட்ட நூலின் திசையிலேயே நிற்கும். அப்போது சர்வோவுக்குப் பாரமே குறைவு. டிரம்முக்கு அந்தச் சலுகை கிடையாது.

மின்னோட்டம்:
பேட்டரி புதுசு என்றார், என்ன வகை என்று சொல்லவே இல்லை.

சுக்கான்பிடி:
டிரம் 38 மி.மீ. சுற்று நூல், எலாஸ்டிக் போட்டாயிற்று, சிக்கவில்லை. நன்றி. ஆனால் முன்பாய் பெரிய பாயைவிட ரொம்பத் திறக்கிறது. முழுக்க இழுத்த பிறகு வின்ச் உறுமுகிறது.

கப்பிக்கயிறு:
உறுமினால் உடனே டிரான்ஸ்மிட்டரில் அந்தப் பக்க எல்லையைக் குறையுங்கள், மோட்டார் எரிந்துவிடும். 38 மி.மீ. டிரம் ஒரு சுற்றுக்கு 119 மி.மீ. நூல் தரும். பாய்மரத்திலிருந்து 200 மி.மீ. தள்ளிப் பூமில் கட்டியிருந்தால் 80 பாகை திறக்க ஏறக்குறைய 257 மி.மீ. போதும், இரண்டு சுற்றுக்குச் சற்று மேல். அப்புறம் முன்பாய்: இரண்டு பாய்க்கும் ஒரே அளவு நூல்தான் போகிறது. அதனால் சுழலும் புள்ளியிலிருந்து கட்டும் இடம் வரை இரண்டு பூமிலும் ஒரே தூரம் இருக்க வேண்டும். முன்பாயில் தூரம் குறைவாக இருக்கும், அதுதான் அதிகம் திறக்கிறது. அளந்து சொல்லுங்கள்.

கப்பிக்கயிறு:
அளந்தீர்களா?

மின்னோட்டம்:
ஞாயிறு போய்விட்டது. பேட்டரி என்ன ஆயிற்று?