ஜிபி5-இல் 44-ஆம் அஸ்பராஜினை மாற்றினால் வைரஸ் கிடைப்பதில்லை: கோளாறு எங்கே?

கேள்வி:
பன்றியின் பிஆர்ஆர்எஸ் (இனப்பெருக்க, சுவாச நோய்) வைரஸ், இரண்டாம் வகை. அதன் உறைப் புரதம் ஜிபி5; அதன் 44-ஆம் அமினோ அமிலமான அஸ்பராஜினில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஏறுகிறது. தொற்று குளோனில் (முழு வைரஸ் மரபணுத் தொகுதியின் டிஎன்ஏ நகல்) இந்த அஸ்பராஜினை அலனினாக்கி, ஆர்என்ஏவை பிஎச்கே-21 செல்களுக்குள் மின்துடிப்பால் செலுத்தினால் 24 மணியில் வைரஸின் உட்கருப் புரதமான என் (N), சாயமேற்றிய எதிர்ப்பொருளால் ஒளிர்கிறது. மேல்நீரை (செல்கள் வளர்ந்த திரவம்) இந்த வைரஸ் தொற்றும் மார்க்-145 செல்களில் விட்டால் 5 நாளாகியும் ஒன்றுமில்லை. துகளே உருவாகவில்லையா, உருவாகியும் தொற்றவில்லையா? டான்சிலில் வைரஸ் மாதக்கணக்கில் தங்குவதும் இந்தச் சர்க்கரைச் சங்கிலியால்தானா?

பதில் 1:
முதலில் துகளை எண்ணுங்கள். மேல்நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, ஆர்என்ஏஸ் சேர்த்து (செலுத்திய ஆர்என்ஏவின் மிச்சம் கணக்கைக் கெடுக்கும்), 20% சுக்ரோஸ் மீது அதிவேக மையவிலக்கில் படிய வையுங்கள். படிவில் பிசிஆரும், என் (N), எம் (M, உறைச் சவ்வுப் புரதம்) ஆகியவற்றுக்கு வெஸ்டர்ன் பிளாட்டும் பாருங்கள். பாலிமரேஸ் செத்த குளோனையும் கூடவே ஓட்டுங்கள். அதில் வரும் எண்தான் உங்கள் பூஜ்ஜியம்.

ஜிபி5 அல்லது எம் இல்லாவிட்டால் துகளே வெளியேறாது. ஜிபி2, 3, 4 அல்லது ஈ (E) புரதம் இல்லாவிட்டால் துகள் வரும், ஆனால் தொற்றாது; செல்லின் சிடி163 ஏற்பியோடு சேர்வது அந்தச் சிறு புரதங்களின் வேலை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் 44-க்கு நாலு எழுத்து தள்ளி 48-இல் சிஸ்டீன் இருக்கிறது. எம் புரதத்தின் 9-ஆம் சிஸ்டீனோடு டைசல்ஃபைட் பிணைப்பு போடுவது அதுதான். இந்த ஜோடி சேராவிட்டால் ஜிபி5 எண்டோபிளாச வலையிலேயே தேங்கிவிடும். செல்லை உடைக்கும் கரைசலில் 20 மில்லிமோலார் என்-எத்தில்மேலிமைடு (தனித்த சிஸ்டீன்களை மூடிவிடும் வேதிப்பொருள்) கட்டாயம். இல்லாவிட்டால் உடைத்த பிறகு தாறுமாறாகப் பிணைந்து பொய்யான பட்டைகள் வரும். பாதி மாதிரியை டிடிடி (டைசல்ஃபைட் பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) இல்லாமல் ஓட்டுங்கள்: ஜோடி ஏறத்தாழ 45 கிலோடால்டனில், டிடிடி சேர்த்ததில் எம் மட்டும் 19 அருகே.

இன்னொரு பொறி: ஓஆர்எஃப்5-இன் (ஜிபி5-க்கான மரபணுப் பகுதி) தொடக்கம் 5ஏ என்ற இன்னொரு சிறு புரதத்தின் வாசிப்புச் சட்டகத்தோடு மேல்விழுகிறது. ஜிபி5-ஐ மாற்றும்போது 5ஏ-யும் மாறியிருக்கலாம், அதுவும் வைரஸுக்குத் தேவை. இரு சட்டகங்களையும் மொழிபெயர்த்துப் பார்க்காமல் பழியைச் சர்க்கரை மேல் போடாதீர்கள்.

பதில் 3:
டான்சில் விஷயம் வேறு. நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் ஜிபி5-இல் பற்றும் இடம் ஏறத்தாழ 37 முதல் 45 வரை. 34, 51-இல் உள்ள சங்கிலிகள் அதை மறைக்கின்றன. அவற்றை நீக்கிய வைரஸ் எதிர்ப்பொருளுக்கு எளிதில் மடிகிறது. 27-30-இல் உள்ள தூண்டில் எபிடோப்பும் (எதிர்ப்பொருள் பற்றினாலும் வைரஸைத் தடுக்காத இடம்) ஆரம்ப எதிர்ப்பொருளைத் திசைதிருப்புவதாகக் கருதப்படுகிறது. அதனால் எலைசா இரண்டே வாரத்தில் பாசிட்டிவ் ஆனாலும், நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் வர நான்கு வாரம் அல்லது அதற்கு மேல் பிடிக்கும்.

ஆனால் இது ஹெர்பீஸ் போன்ற உறக்கம் அல்ல. டான்சிலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் குறைந்த அளவில் பெருகிக்கொண்டே இருக்கிறது. சீரம் நெகட்டிவ் என்று நிறுத்திவிட்டால் தவறவிடுவீர்கள், டான்சிலை எடுங்கள். தங்குதலுக்கு ஜிபி5 மட்டுமே காரணமும் இல்லை. செல்லின் வைரஸ் எதிர்ப்புச் சமிக்ஞையான இன்டர்ஃபெரானை அடக்கும் என்எஸ்பி1 போன்ற வைரஸ் புரதங்களுக்கும் பங்குண்டு.

கேட்டவர்:
5ஏ சட்டகத்தைப் பார்த்தேன். அங்கும் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் 44-ஐ விட்டுவிட்டு 46-ஆம் திரியோனினை அலனினாக்குங்கள். 44-இல் சங்கிலி ஏற அந்தத் திரியோனினும் வேண்டும் என்பதால் சங்கிலி ஏறாது, அஸ்பராஜின் அப்படியே இருக்கும். 5ஏ மாறாத கோடான் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.